வீட்டில் ஒரு எழுபதாவது பிறந்தநாள்: கல்லடியில் நாங்கள் நடத்திய விதம்

எங்கள் ஊரில் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பேர்?" என்றுதான். சமையல்காரர் கேட்பார், கதிரை வாடகைக்குத் தருபவர் கேட்பார், கேக் செய்பவரும் கேட்பார். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டிலேயே வைப்பது என்று முடிவானதும் என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். எண்பது பேர் வரை வருவார்கள், ஆனால் ஒரே நேரத்தில் நாற்பதுக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். கதிரைக்காரத் தம்பிக்கு அது விளங்கவில்லை. "அக்கா, எண்பது பேருக்கு எண்பது கதிரை வேணுமே" என்றார்.

வேண்டாம். மட்டக்களப்பில் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஆட்கள் ஒரு மணி அடித்ததும் மொத்தமாக வந்து சேர்வதில்லை. வயதானவர்கள் வெயில் தாழ்ந்ததும் வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பப் பார்ப்பார்கள். காத்தான்குடி முஸ்லிம் நண்பர்கள் மஹ்ரிப் என்கிற அந்தித் தொழுகை முடித்துத்தான் புறப்படுவார்கள். கடை வைத்திருப்பவர்கள் கடையைப் பூட்டிவிட்டு வருவார்கள். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நேரே அங்கிருந்தே வருவார்கள். இதைப் பிந்தி வருகிறார்கள் என்று குறையாக எடுத்துக்கொண்டால் மாலை முழுவதும் வாசல் கடப்பைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். முதலிலேயே மூன்று சுற்று என்று பிரித்துக்கொண்டால் வீடும் வளவும் தாங்கும், நாமும் கொஞ்சம் இருக்கலாம்.

மண்டபம் எடுக்கலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு விருப்பமில்லை. மண்டபத்தில் நேரம் முடியப் போகிறது என்று யாராவது வந்து நிற்பார்கள், அவருக்கு அது பிடிக்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவதுதான் வழக்கம். கடைசிப் பெண்ணான எனக்கு இந்த வீடு வந்தது, அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார். வேலை முழுக்க என் தலையில், அழைப்பில் முதல் மரியாதை அம்மாவின் அண்ணன் தம்பிமாருக்கு.

நாள் குறிப்பதற்குத்தான் அதிகம் யோசித்தோம். அம்மாவின் பிறந்தநாள் வைகாசியில் வருகிறது. வைகாசி என்றால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு, கதவு திறந்தது முதல் கடைசிச் சடங்கான குளிர்த்தி வரை பல வீடுகளில் மீன், இறைச்சி தொட மாட்டார்கள். அந்த நாட்களில் புரியாணி போட்டுவிட்டு வாங்கோ என்று அழைக்க முடியாது. ஆடி பிறந்தால் ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் திருவிழா, பாதி உறவு அங்கே நிற்கும். போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை எங்களில் பலர் மரக்கறி. ஐப்பசிக்குப் பிறகு மழை, வளவில் வைக்கிற எந்த விசேஷத்தையும் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளவே கூடாது. இதையெல்லாம் கலண்டரில் கழித்துவிட்டுப் பார்த்தால் ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை மிஞ்சியது. கொழும்பிலிருந்து வரும் தம்பி குடும்பம் உதயதேவி ரயிலில் ஏறினால் பிற்பகலில் இங்கே இறங்கிவிடும், அதுவும் பொருந்தியது. பிறந்தநாள் அன்று அம்மா கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துகொண்டார், கொண்டாட்டத்தைச் சனிக்கிழமைக்கு வைத்தோம். நாள் தள்ளி வைத்ததை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஜூன் மாதத்துக்கு ஒரு தொந்தரவு உண்டு, கச்சான் காற்று. மதியத்தில் அனலாக அடிக்கும், மண்ணை வாரிக்கொண்டு வரும். அதனால் பகல் விருந்து என்ற பேச்சையே எடுக்கவில்லை. நாலரைக்கு மேல்தான் தொடக்கம். கல்லடியில் கடல் கிட்ட என்பதால் மாலையில் காற்று மாறினால் ஃபேன் கூடத் தேவைப்படாது.

அழைப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் வேலை முடிந்தது என்பது நம் வயதினருக்குச் சரி. மாமாமாருக்கும் பெரியம்மாவுக்கும் நேரில் போய்ச் சொன்னோம், தூரத்தில் இருப்பவர்களுக்கு அம்மாவே போன் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரம் சொன்னேன், அதுதான் கெட்டித்தனம். மூத்தவர்களுக்கு "நாலரைக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சு, ஆறு மணிக்கு கேக் வெட்டி, சாப்பிட்டுட்டு வெளிச்சத்தோட போகலாம்." அலுவலக நண்பர்களுக்கும் காத்தான்குடி, ஏறாவூர் ஆட்களுக்கும் "மஹ்ரிப் முடிச்சு வாங்க, ஏழு மணிக்குச் சாப்பாடு." கடைக்காரர்களுக்கும் டியூஷன் பெற்றோருக்கும் "எட்டு மணிக்குள்ள வந்தா சூடாக் கிடைக்கும்." யாரையும் விரட்டியதாகவும் இல்லை, வராமல் இருக்கவும் சாட்டு இல்லை. ஒரு மாமா மட்டும், "எனக்கு எந்த நேரம் புள்ள?" என்று கேட்டுவிட்டு, "நான் நாலரைக்கு வந்து எட்டுக்கும் இருப்பன்" என்றார். இருந்தார். அப்படி ஒரு சிலர் இருப்பார்கள், அதற்காகத்தான் நாற்பது என்று கூட்டிச் சொன்னேன்.

கதிரைகளை ஊர் மரணாதார சங்கத்திலிருந்து எடுத்தோம். உறுப்பினருக்கு வாடகை குறைவு, கூடாரமும் அவர்களிடமே உண்டு. பிறந்தநாளுக்குச் செத்தவீட்டுக் கதிரையா என்று மச்சாள் முகம் சுளித்தார். அதே கதிரைகளில்தான் எல்லாக் கல்யாணத்திலும் சாமத்திய வீட்டிலும் இருக்கிறோம் என்று அம்மாவே சிரித்துக்கொண்டு முடித்துவிட்டார். ஆனால் சங்கத்தில் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊரில் ஒரு மரணம் நடந்துவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் முதலிடம். அது நியாயமும்கூட. அப்படி வந்தால் எங்கிருந்து எடுப்பது என்று பக்கத்து ஊர் ஆள் ஒருவரின் நம்பரையும் வாங்கி வைத்திருந்தோம். நம் ஒழுங்கையிலேயே மரணம் என்றால் பாட்டும் கேக்கும் கிடையாது, வந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் என்று வீட்டுக்குள் பேசி வைத்திருந்தோம். நல்ல காரியத்துக்கு முன் ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் நினைப்பார்கள். பேசி வைக்காத வீட்டில்தான் அந்த நேரத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

வளவு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பிரச்சினை முழுக்க மணலில்தான். பிளாஸ்டிக் கதிரையின் கால் மணலில் புதையும். பாரமான ஒருவர் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தால் கால் மடங்கிப் போகும், வயதானவர் என்றால் விழுந்தே விடுவார். ஆகவே மூத்தவர்களுக்கான கதிரைகளை எல்லாம் சீமெந்து விறாந்தையில் போட்டோம், கைப்பிடி உள்ளவை மட்டும். வளவில் காலையிலேயே குழாயால் தண்ணீர் அடித்து மணலை இறுக்கி, மேலே தறப்பாள் விரித்து, அதற்கு மேல் பன்பாய் போட்டோம். நடுவயதினர் கதிரையிலும், சிறுவர்கள் பாயிலும். கூடாரத்துக்கு அடிக்கிற முளையும் மணலில் நிற்காது, கச்சானில் ஒரு இழுப்பு இழுத்தால் கழன்றுவிடும். அரிசிப் பைகளில் மணல் நிரப்பி ஒவ்வொரு தூணின் அடியிலும் கட்டிவிட்டோம். செலவே இல்லாத வேலை, இரவு முழுக்க கூடாரம் அசையவில்லை.

அப்புறம் தென்னை. எங்கள் வளவில் கூடாரம் போடக்கூடிய இடம் எல்லாம் தென்னைக்குக் கீழேதான். முந்தின நாள் மரமேறுபவரைக் கூப்பிட்டு முற்றின காய்களைப் பறித்து, காய்ந்த மட்டைகளை இழுத்துப் போடச் செய்தோம். கூடாரத் துணி தேங்காயைத் தாங்காது. பறித்த காய் சமையலுக்கும் ஆச்சு.

கடப்படியில் ஒரு விளக்கு, செருப்புக் கழற்றும் இடத்தில் ஒரு விளக்கு, வெளிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு. மேசை அலங்காரத்தை விட இந்த மூன்றும் முக்கியம். கழிப்பறையில் புது சவர்க்காரம், வாளி நிறையத் தண்ணீர், கதவின் உள் கொக்கி சரியாகப் பூட்டுகிறதா என்ற பார்வை. அரை மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்துத் தண்ணீர் நிரப்புவது அண்ணன் மகனின் பொறுப்பு. பதினாறு வயதுப் பையனுக்கு அப்படி ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுத்தால்தான் நடக்கும். பொதுவாகச் சொன்னால் எல்லோரும் செய்வார்கள் என்று ஒருவரும் செய்ய மாட்டார்கள். மேல் தாங்கியைப் பிற்பகலிலேயே நிரப்பி வைத்தோம், கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. அன்று ஏழரை மணிக்கு உண்மையிலேயே கொஞ்ச நேரம் கரண்ட் போனது. சார்ஜ் விளக்குகள் இரண்டும் சமையலடியிலும் சாப்பாட்டு மேசையிலும் தயாராக இருந்ததால் சாப்பாடு நிற்கவில்லை. சிறுவர்களுக்கு அதுதான் மாலையின் சிறந்த பகுதி.

இனிச் சாப்பாடு. மூத்தவர்கள் ஆறு மணிக்குப் புரியாணி சாப்பிட மாட்டார்கள். சிலர் சனிக்கிழமை விரதம், பலருக்குச் சீனி, பிரஷர். அவர்களுக்கு இடியப்பம், சொதி, உருளைக்கிழங்குப் பிரட்டல், தேங்காய்ச் சம்பல். வீட்டில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிற ஒரு அக்காவிடம் ஆளுக்கு ஆறு என்று சொல்லி, ஐந்தரைக்குச் சூடாகக் கொண்டுவரச் செய்தோம். இந்த மேசை முழு மரக்கறி, இறைச்சி வளவுக்குள் வருவதற்கு முன்பே பரிமாறி முடிந்துவிடும். கரண்டி மாறிவிட்டதா, எந்தச் சட்டியில் காய்ச்சினது என்ற சந்தேகமே எழவில்லை. சொதியில் கடைசிப் பாலை ஐந்தரைக்கு மேல்தான் விட்டோம். நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப்பால் கறி மதியமே காய்ச்சி வைத்தால் மாலையில் புளித்து நிற்கும். தேசிப்புளி அடுப்பை நிறுத்திய பிறகு.

தேத்தண்ணிக்கு சீனியைக் கலக்கவில்லை. வெறும் இஞ்சிப் பிளேன்டி பெரிய சூட்டுப் போத்தல்களில், பக்கத்தில் சீனி ஒரு கிண்ணத்தில், கடித்துக் குடிக்கச் சக்கரைத் துண்டுகள் இன்னொன்றில். சீனி வருத்தக்காரர்கள் தனியாகக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. வடையை வந்தவர்களின் தலையை எண்ணி எண்ணிச் சுட்டோம், ஒரேயடியாகச் சுட்டு அடுக்கவில்லை. ரோல்ஸ், பற்றீஸ் வெளியில் வாங்கினது.

புரியாணிக்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார், கிடாரமும் அகப்பையும் அவருடையதே. கோழியையும் அவரே ஹலால் கடையில் வாங்கி வந்தார். முஸ்லிம் நண்பர்களை அழைக்கிற தமிழ் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். "ஹலால் கோழிதான், சாப்பிடுங்க" என்று வாயால் உறுதி சொல்வதை விட, அவர்களுக்குத் தெரிந்த கை, தெரிந்த பாத்திரம் என்றால் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் இல்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. தொழுகை நேரம் பிந்திப்போனவர்களுக்கு உள் அறை ஒன்றைச் சுத்தம் செய்து, பாய் விரித்து விட்டிருந்தேன். இரண்டு பேர் பயன்படுத்தினார்கள்.

கணக்கு இப்படி. எண்பதில் இருபது பேர் இடியப்பம். மிச்சம் அறுபது பேருக்கு, கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று வைத்தால் ஏழரைக் கிலோ, எட்டாக எடுத்தோம். சமையல்காரர் ஒரே கிடாரத்தில் போட்டால் விறகு மிச்சம் என்றார். நான் நாலு நாலாக இரண்டு கிடாரம் கேட்டேன். ஏழு மணிக்கு முதலாவது திறந்தது. இரண்டாவது தம்மில் மூடியபடியே இருந்து, எட்டேகாலுக்குத் திறந்தபோது ஆவி பறந்தது. ஒரே கிடாரம் என்றால் கடைசியில் வருபவருக்கு ஆறின சோறும் உடைந்த கோழியும்தான். பிந்தி வந்தவன் என்று அவன் நம் விருந்தில் குறைந்தவன் இல்லையே. கோழி ஆளுக்கு இரண்டு துண்டு, கிலோவில் பத்துத் துண்டாக வெட்டி 12 கிலோ. சோறு, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு, தயிர்ச் சம்பல் எல்லாம் தாங்களே போட்டுக்கொள்ளலாம். கோழியை மட்டும் மச்சான் நின்று போட்டார். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், கோழிக் கரண்டியைக் கூட்டத்திடம் விட்டால் முதல் இருபது பேர் ஆளுக்கு நாலு எடுப்பார்கள். அவரும் சிரித்த முகத்தோடு, "சாப்பிட்டுட்டு மறுகா வாங்க, இன்னும் போடுறன்" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். திரும்பி வந்தவர்கள் நாலைந்து பேர்தான்.

பிள்ளைகளுக்குப் புரியாணிக்குப் பதில் முதலிலேயே ரோல்ஸும் ஐஸ்கிரீமும் போனதால் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அது சரியாகவே இருந்தது. பெரியவர்களுக்குக் கடைசியில் பட்டிருப்புப் பக்கத்திலிருந்து வந்த எருமைத் தயிரும் பாணியும். தயிர் முட்டிகளைத் திறக்காமல் நிழலில் வைத்து, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுத்தோம். ஐஸ்கிரீமுக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் கட்டி, மீன் வாடியில் கேட்டால் உடைத்தே தருவார்கள். வெற்றிலைத் தட்டு வைக்காமல் விட்டால் பெரியம்மாமார் விடமாட்டார்கள், களுதாவளை வெற்றிலை.

கேக்கை ஆறு மணிக்கு வெட்டினோம். மூத்தவர்கள் போவதற்கு முன் என்பதால் அந்த நேரம். பட்டர் ஐசிங் பூ எல்லாம் இந்த வெக்கையில் சரிந்து இறங்கும், அலங்காரம் குறைந்த ரிப்பன் கேக்தான் எடுத்தோம். அதைவிட, சின்னதாக இரண்டாவது கேக் ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. எட்டரைக்கு வந்தவர்கள் "கேக் வெட்டி முடிஞ்சுதா?" என்று முகம் வாடும்போது அதை எடுத்து மெழுகுதிரி ஏற்றினோம். அம்மா ஒரே மாலையில் இரண்டு தடவை எழுபது வயதானார். இரண்டாவது தடவைதான் அதிகம் சிரித்தார், அதற்குள் களைத்து, கதிரையில் சாய்ந்து, பகட்டெல்லாம் போயிருந்தது.

குடி பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. நம் விசேஷங்களில் வீட்டின் பின்வளவில் ஆண்கள் கூட்டம் ஒன்று தனியாகக் கூடும், அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் தெரிந்ததாகக் காட்ட மாட்டார்கள். அம்மாவின் பிறந்தநாள், முஸ்லிம் நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், டியூஷன் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வாரம் முன்பே என் கணவரும் தம்பியும் சேர்ந்து மற்றவர்களிடம் சொன்னார்கள்: இந்த வளவில் அன்றைக்கு இல்லை. அன்று வந்து நின்று தடுப்பதை விட முதலில் சொல்வது எளிது. ஒருவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வராமலே விட்டார். சரி, அவருடைய கோழி இரண்டு துண்டும் வேறு யாருக்கோ போயிருக்கும்.

பாட்டுக்குச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, கூடாரத்துக்குள் மட்டும் கேட்கிற அளவு. பக்கத்து வீடு இரண்டுக்கும் முதலிலேயே போய்ச் சொல்லி, அவர்களையும் அழைத்தோம். ஒரு வீட்டில் உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒன்பதரைக்கே நிறுத்தினோம். எழுபது வயது அம்மாவின் விழாவில் பத்து மணிக்கு மேல் பாட்டுக் கேட்கப் போவது யார்?

நுளம்புக்கு ஐந்தரைக்கே வேப்பிலைப் புகை போட்டோம், வந்தவர்கள் மேல் புகை படாதபடி வேலியோரம். மேசைகளுக்குக் கீழே சுருள். விறாந்தையில் நின்ற ஃபேன் சுருளை விட நல்ல வேலை செய்தது, காற்று அடிக்கிற இடத்தில் நுளம்பு நிற்காது.

சாப்பாட்டுக்கு எவர்சில்வர் கோப்பைகள் எடுத்தோம், கழுவ இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்தோம். சோறு கட்டுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் 2017இலேயே தடை செய்யப்பட்டது, இன்னும் கடைகளில் ஏதோ ஒரு பெயரில் கிடைக்கத்தான் செய்கிறது. சூட்டுப் புரியாணியை அதில் போட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. மிச்சத்தைப் பார்சல் கட்டுவதற்கு ஒவ்வொரு நெருங்கிய வீட்டிலும் ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சொல்லும்போது சிரித்தார்கள், ஆனால் கொண்டுவந்தார்கள். சூடு குறைந்த சோற்றை இரவு முழுக்க வெளியில் வைத்துக் காலையில் சூடாக்கித் தின்பது வயிற்றுக்கு ஆபத்து, அரிசியில் வளரும் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. இரண்டாவது கிடாரத்தில் மிஞ்சியதை ஒன்பது மணிக்கே பிரித்துக் கொடுத்து அனுப்பினோம்.

இரவே வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து இளநீர்க் கோம்பை, சிரட்டை, ஐஸ்கிரீம் கப் எல்லாம் பொறுக்கிக் கவிழ்த்துப் போட்டோம். ஒரு மழை பெய்து தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது போதும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் நாம்தான் சொல்ல வேண்டும். கதிரைகளையும் அப்போதே எண்ணினோம். ஒன்று குறைந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி தன் வாசலில் போட்டு இருந்துகொண்டிருந்தார். கால் வலி என்று அங்கேயே சாப்பாடு போயிருந்தது.

இன்னொன்று. அடுத்த நாள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். வர முடியாமல் போனவர்கள் ஞாயிறு காலையில் பிஸ்கட் டின்னோடு வருவார்கள். அக்கரைப்பற்றிலிருந்து அம்மாவின் பழைய சிநேகிதி ஒருவர் மகனோடு எட்டரைக்கே வந்துவிட்டார், வாசலில் மணல் பைகள் கிடக்க, தலைமுடி கூடக் கட்டாமல் நான் நிற்க. இரண்டாவது கேக்கில் ஒரு பகுதியையும் அரை டசின் ரோல்ஸையும் இரவே ஒதுக்கி வைத்திருந்ததால் தேத்தண்ணி ஊற்றுவது மட்டும்தான் வேலை. அம்மாவும் அவரும் விறாந்தையில் பதினொரு மணி வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்து லொறி வந்து மற்றக் கதிரைகளை எல்லாம் ஏற்றிவிட்டு, அந்த இரண்டுக்காகக் காத்து நின்றது.